மணலில் புதைத்த பலாக்கொட்டை

படங்கை உதறி விரித்து, அதன்மேல் பாகற்காய் வில்லைகளை ஒன்றோடொன்று தொடாமல் பரப்பிக்கொண்டிருக்கிறாள் சுந்தரம்மா. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அதே சாக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் வற்றல் காயும். போன ஞாயிறு போட்ட கத்தரி வற்றல் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஒடிக்கிறாள். படக்கென்று ஒடிந்தால் பானைக்குப் போகும். சத்தமில்லாமல் வளைந்தால், "இன்னும் ஒரு வெயிலு குடிச்சுட்டு வா" என்று திரும்பவும் படங்கில் போடுவாள்.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், அறைகள் வரிசையாக ஒட்டிய லயம் ஒன்றின் கடைசிக் காம்பராவில் அவளும் புருஷன் அழகையாவும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. காம்பராவுக்குப் பின்னால் ஒரு சரிவு. பங்குனி, சித்திரையில் இரண்டு பேர் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு அவரையும் கத்தரியும் பாகலும் காய்த்துத் தள்ளும். வேலியோரம் ஒரு பலா. ஒரு பிஞ்சைக்கூட அழுக விடமாட்டாள். காய்களை உப்புத் தண்ணீரில் அவித்துக் காயவைப்பாள். பலாக்கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி, ஆற்று மணலோடு பானையில் புதைத்து, வாயைச் சாணத்தால் மெழுகிவிடுவாள். "ஆடி மழையில வேல கெடைக்காது. அப்ப இதுதான் சோறு" என்பாள்.

எழுபத்து நாலில் மழைக்கு முன்பே பஞ்சம் வந்துவிட்டது. கூப்பனுக்குக் கிடைக்கும் கோதுமை மா குறைந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மரவள்ளியும் தீர்ந்து, லயத்தில் எல்லாரும் ஓடைக்கரைக் கீரையை வெறும் உப்பில் அவித்துத் தின்றார்கள்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, பக்கத்துக் காம்பரா வேலம்மா வந்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்றாள். அவள் புருஷன் மாடசாமிக்குக் கால் வீங்கியிருந்தது.

"அக்கா, ரெண்டு கை பலாக்கொட்ட குடுங்க. மூணு நாளா அவருக்கு வெறும் தேத்தண்ணிதான்."

சுந்தரம்மா உள்ளே போகவில்லை. "பானையத் தொறந்தா காத்துப் பட்டுக் கெட்டுப் போயிரும், புள்ள. ஆடி பொறக்கட்டும், ஒரு பான நெறையாத் தாறேன்."

வேலம்மா வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

நான்காம் நாள் மாடசாமி காட்டுக் கிழங்கு தோண்டப் போனான். தேடிப் போனவர்கள் அவனை ஓடைக்கரையில் குப்புறக் கிடக்கக் கண்டார்கள். மூச்சு இல்லை. கையில் மண் மட்டும் இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தவர்களுக்கு அவித்துக் கொடுக்கலாமென்று சுந்தரம்மா பானையைச் சுமந்துகொண்டு போனாள். எல்லார் முன்னாலும் சாண மெழுக்கை உடைத்தாள். முதலில் நாற்றம்தான் வந்தது. இடையில் பெய்த மழையில் கூரைத் தகரத்தின் ஒழுக்கு சாணத்தில் ஊறி உள்ளே இறங்கி, கொட்டைகள் முளைவிட்டுக் கறுத்துக் குழைந்திருந்தன. கையை விட்டு அடிவரை கிளறினாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

"அன்னைக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்க்கா" என்றாள் வேலம்மா. கோபத்தோடுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவள் சுந்தரம்மாவோடு கடைசியாகப் பேசியது.

இரண்டு வருஷமாகிறது. பலாக்கொட்டையை இப்போது சுந்தரம்மா தொடுவதில்லை. மரத்தடியிலேயே கிடந்து முளைக்கிறது. ஆனால் சரிவு காய்த்துக்கொண்டேதான் இருக்கிறது, அவளும் காயவைத்துக்கொண்டேதான் இருக்கிறாள். சோற்றில் அந்த வற்றலைக் கண்டால் மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவாள்.

"நீ குடுத்திருந்தாலும் அவன் போயிருப்பான்" என்று அழகையா ஒருமுறை சொன்னான்.

"அதச் சொல்லாதீங்க. ரெண்டு கைதான் கேட்டா."

ஞாயிறுதோறும் வாழையிலையில் வற்றலைப் பொட்டலம் கட்டி வேலம்மாவின் இஸ்தோப்பில் வைத்துவிட்டு வருவாள். அடுத்த ஞாயிறு அது அங்கேயே எறும்பு மொய்த்துக் கிடக்கும். எடுத்துவிட்டுப் புதியதை வைப்பாள்.

சற்று முன்புதான் இன்றைய பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தாள். இப்போது வேலம்மா விளக்குமாறோடு வெளியே வருகிறாள். சுந்தரம்மாவின் கை படங்கின்மேல் நிற்கிறது. வேலம்மா சுவரோரத்திலிருந்து கூட்டிக்கொண்டே வருகிறாள். பொட்டலத்துக்குக் கிட்டே வந்ததும் குனிந்தவாறே ஒரு கணம் நிற்கிறாள். எடுக்கவில்லை, தள்ளவுமில்லை. விளக்குமாறை ஒடுக்கிப் பிடித்து, ஒரு ஈர்க்குகூட அதில் படாமல் அதைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகிறாள்.