எல்லா லேப்டாப்பிலும் தசரதன்

அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. புதிதாகச் சேரும் டெவலப்பர்களுக்கு லேப்டாப் தயார் செய்து கொடுப்பதுதான் தசரதனின் வேலை. ஒவ்வொரு மென்பொருளாக ஏற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். சும்மா கிடக்காமல் அத்தனையையும் தானாகவே ஏற்றும் மாட்யூல்களாக எழுதித் தொலைத்தான். ஒரு கமாண்ட் தட்டிவிட்டு டீ குடித்து வருவதற்குள் லேப்டாப் தயார். கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். பிறகு, இனி ஆள் எதற்கு என்று அவனை அனுப்பிவிட்டார்கள்.

நேற்று இன்டர்வியூவுக்குக் கிளம்பி, வேப்பம்பட்டு ஸ்டேஷனில் என்னோடு நின்றிருந்தான். போன் அடித்தது.

"பழைய ஆபீஸ் மச்சான்! திரும்பக் கூப்புடுறாங்க போல" என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, கோபி பேசறேன். எந்த லேப்டாப் ரெடி பண்ணாலும் தசரதன்னு உங்க பேர்ல ஒரு யூசர் வந்துகினே கீது. அத்த எங்க தூக்கறது?"

மாட்யூலைத் தன் மெஷினில் சோதித்தபோது அதில் போட்ட பெயர். எடுக்க மறந்திருக்கிறான்.

"வையிடா போனை!" என்று கத்தினேன். அவனோ எந்த ஃபைல், எந்த வரி என்று பொறுமையாகச் சொன்னான்.

"அழிச்சிட்டு ஒருவாட்டி ஓட்டிப் பாரு கோபி. நான் லைன்லயே கீறேன்."

ரயில் வந்தது. அவன் ஏறவில்லை. ரயில் போனது.

"போயிட்சிண்ணா" என்றான் கோபி. "இப்ப சுத்தமா கீது."