வாசல் எருக்கு

பல் விளக்கியதும் விளக்காததுமாக, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சிற்சபேசன் எருக்கிலையைப் புரட்டுகிறார். அடியில் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சியின் வரிப்புழுக்கள். எல்லாம் நலமா என்று பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் காபிக்கு உள்ளே போவார். அதற்குள் காபி ஆறியிருக்கும். குற்றம் அவர் மனைவி கல்யாணசுந்தரியுடையது.

தாலுகா ஆபீஸில் நேட்டிவிட்டி சர்டிபிகேட் எழுதியே ஓய்வு பெற்றவர். இப்போது செடிகளிடம் பூர்வீகம் விசாரிக்கிறார். மனைவி ஆசையாக வளர்த்த குரோட்டன்ஸும் ரோஜாவும் விசாரணையில் தோற்று வேலிக்கு வெளியே போயின. அந்த இடத்தில் துத்தி, ஆவாரை, கிலுகிலுப்பை. எல்லாம் காட்டுமன்னார்கோயில் பஸ் பிடித்துப் போய் வீராணம் கரையில் விதை பொறுக்கி வந்தவை. பக்கத்து வீட்டுக்காரனான என் காகிதப்பூவையும் அவர் விடவில்லை. "இவன் பிரேசில்காரன் சார். பகட்டுதான் ஜாஸ்தி. நம்ம ஊரு பட்டாம்பூச்சி இவன நம்புனா பட்டினிதான்." மகளுக்கு வரன் தேடக்கூட மனிதர் இத்தனை விசாரித்ததில்லை.

எருக்கைத்தான் தெருவே சகிக்கவில்லை. நல்ல வெயில் விழும் இடம் என்று கேட் ஓரத்திலேயே நட்டுவிட்டார். "வீட்ல எருக்கு மொளைக்கன்னு எங்க ஊர்ல மண்ண வாரித் தூத்தி சாபம் வுடுவாங்க. இவரு தண்ணி ஊத்தி வளக்குறாரு" என்று கல்யாணசுந்தரி என் மனைவியிடம் அழுதார்.

போன தை மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து மகள் தாட்சாயிணியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முப்பதை நெருங்குகிறாள். முன்பு வந்த வரன்கள் தட்டிப்போனதில் அவளுக்கு வருத்தமில்லை. இந்தப் பையனை அவளுக்கே பிடித்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்பாவிடம் கெஞ்சினாள்.

"வெட்டிடுங்கப்பா. எருக்குதானே, திரும்பத் தழைச்சிக்கும்."

"செடி தழைச்சிக்கும்மா. புழு எங்க போவும்? கூடு கட்டுற நேரம்."

பையனின் அம்மா கேட்டிலேயே எருக்கைப் பார்த்துவிட்டார். ஒப்புக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். கேசரியைத் தொடவில்லை. "கலந்துகிட்டு போன் பண்றோம்" என்று எழுந்தார். அப்படியென்றால் என்ன என்று தாட்சாயிணிக்குத் தெரியும். சிற்சபேசன் மட்டும் பையனின் அப்பாவுக்குத் துத்திப் பூவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அவர்கள் கேட்டைத் தாண்டிக் கார் கதவைத் திறந்தபோது, சிற்சபேசன் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மாளின் காலடியில் குனிந்தார். ஜன்னலில் தாட்சாயிணி வாயைப் பொத்திக்கொண்டாள்.  மகளுக்காகக் காலில் விழவும் துணிந்துவிட்டாரே, இவரையா இத்தனை நாள் கேலி செய்தோம் என்று கேட்டருகே நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னங்க இது, பெரியவரு நீங்க, எழுந்திருங்க" என்று பதறினார் அந்த அம்மாள்.

சிற்சபேசன் அவருடைய பட்டுப்புடவையின் கரையில் ஒட்டிக்கொண்டிருந்த புழுவை இரண்டு விரலால் மெல்ல எடுத்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் எருக்குச் செடிக்குத் திரும்பி நடந்தார்.