உளி எடுக்காத பாகன்

ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையின் இரண்டு நிறத்தையும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருக்கும்போது தர்மனிடம் யாரும் பேசக்கூடாது. கலவை இறுகுவதற்குள் பொம்மை யானையின் தும்பிக்கை வளைந்தாக வேண்டும். கைப்பேசி அடித்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். வாசலில் வந்து கூப்பிடுகிறவர்களுக்கு அவர் மனைவி சந்தியா பதில் சொல்லி அனுப்பிவிடுவாள். "யானைக்கு மூக்கு புடிச்சிக்கினு இருக்காரு. அப்பால வாங்க."

திருப்புட்குழிக்காரரான தர்மனுக்கு ஜேசிபி ஓட்டுவது தொழில். தென்னேரி ஏரியில் வண்டல் அள்ளியிருக்கிறார். காஞ்சிபுரத்துப் புது வீடுகளில் பாதிக்கு அஸ்திவாரம் தோண்டியது தான்தான் என்பார். அதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். லிவரைப் பிடித்துக் காய்ப்பேறிய அந்தக் கைதான் சுண்டுவிரல் உயரத்து யானைக்குக் கால் நகம் வரைகிறது. யானையின் முதுகில் விரிக்கிற துணிக்கு மட்டும் அவர் அலைய வேண்டியதில்லை. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற சிநேகிதர் கோதண்டபாணி ஜரிகைத் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்.

ஞாயிறு மதியங்களில் இருவரும் இந்தப் பொம்மைகளை வைத்துப் போர் விளையாட்டு நடத்துவார்கள். பச்சைத் துணி விரித்த மேசையில் பல்லவர் ஒரு பக்கம், சாளுக்கியர் ஒரு பக்கம். வில்லாளி, வேல்காரன், குதிரைக்காரன் எல்லாம் அங்குல உயரம். டேப் வைத்து அளந்துதான் படையை நகர்த்த வேண்டும். யார் விழுந்தார் என்பதைப் பகடை சொல்லும். தெருக்காரர்கள் சிலர் எட்டிப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம் கொலு வைத்துவிட்டீர்களா என்று கேட்டதுண்டு.

யானைகளின் நெற்றியில் நாமம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று கோதண்டபாணி ஒருமுறை சொன்னார். வடகலையா, தென்கலையா என்று தர்மன் கேட்கக்கூட இல்லை. "சண்டைக்குப் போற யானைப்பா. அதுக்கு நெத்தியில வேற ஒரு சண்டை எதுக்கு?" என்று முடித்துவிட்டார்.

இந்த விளையாட்டில் யானை முழுசாக நம்பி இறக்க முடியாத ஆயுதம். எதிரியின் குதிரைகள் அதன் கிட்டே வராது. ஆனால் அம்பு தைத்து, பகடையிலும் ஒன்று விழுந்தால் அதற்கு மதம் பிடித்துவிடும். எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல இன்னொரு பகடை. அதில் பாதி எண்களுக்கு வந்த வழியே திரும்பி, சொந்தப் படையை மிதித்துக்கொண்டு ஓடும். இதற்கும் விதியில் மருந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பாகன்கள் சிலர் உளியும் சுத்தியும் வைத்திருந்தார்களாம். யானை கைமீறினால் பிடரியில் இறக்கிவிடுவார்களாம். அதனால் அந்த இரண்டாவது பகடையை உருட்டும் முன் "உளி" என்று சொன்னால் போதும். யானை செத்ததாகக் கொண்டு எடுத்துவிடலாம்.

தர்மன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அதனாலேயே தோற்றார், ஜோடி ஆட்டங்களில் கூட ஆடிய கோதண்டபாணியையும் தோற்கவைத்தார். "வலி பொறுக்காமதானே ஓடுது. ஓடிட்டுப் போவட்டும்" என்பார். தினமும் ஜேசிபியை முடுக்குகிறவர் பேசுகிற பேச்சா இது என்று கோதண்டபாணி கேட்டால் அதற்கும் பதில் இருந்தது. "அது சாவியத் திருப்புனா நின்னுடும்பா. இதுக்கு சாவி எங்க இருக்குது?"

உளிக்குப் பதிலாக அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யானைக்கு நேர் பின்னால், சொந்தப் படை வரிசைக்கு நடுவே, ஒரு சந்து விட்டுவைப்பார். எந்த மனையில் இறங்கினாலும் வண்டி ரிவர்ஸ் எடுக்க வழி பார்த்துவிட்டுத்தான் பக்கெட்டை இறக்குவது அவர் வழக்கம். அதே புத்தி இங்கேயும். திரும்பி வருகிற யானை அந்தச் சந்து வழியாகப் போய்விடும். சில சமயம் அதே சந்து வழியாக எதிரியும் நுழைந்துவிடுவான்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இந்த விளையாட்டுக்கு ஜோடிப் போட்டி நடந்தது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரமே கோதண்டபாணி கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் உன் யானையால தோத்தோம்னா, நான் வேற ஆளு பாத்துக்கிறேன் தர்மா. மனசுல வெச்சிக்காத." தர்மனுக்கு வேறு சிநேகிதர் கிடையாது. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சந்தியா சொன்னாள்.

கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள், எதிரே சென்னை ஜோடி. ஆட்டத்தின் நடுவில் தர்மன் டீ குடிக்க வெளியே போனார். அடுத்து நகர்த்த வேண்டியது கோதண்டபாணி. வரிசையில் ஓட்டை இருக்கிறதே, எதிரி நுழைந்துவிடுவானே என்ற நல்லெண்ணத்தில் அவர் தன் வேல்காரர்களைக் கொண்டுபோய் யானைக்குப் பின்னால் தர்மன் விட்டிருந்த சந்தில் நிறுத்தினார்.

தர்மன் திரும்பி வந்தபோது சென்னைக்காரர்களின் அம்பு யானையைத் தைத்திருந்தது. அவர் பகடையை உருட்டினார். ஒன்று.

"உளின்னு சொல்லு, தர்மா" என்றார் கோதண்டபாணி.

"வழி வுட்டு வெச்சிருந்தேனே."

"அதுல இப்ப நம்ம ஆளுங்க நிக்கிறாங்க. மிதிச்சிதுன்னா ஆட்டம் போச்சு. சொல்லுப்பா."

தர்மனுக்கு ஆத்திரம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "உளி" என்றார், பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில். யானையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை. மற்றக் கையாலேயே பகடை உருட்டினார்.

ஜெயித்துவிட்டார்கள். கோதண்டபாணி அவர் தோளைக் கட்டிக்கொண்டு, அடுத்த வருஷமும் நாம்தான் ஜோடி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். தர்மன் மட்டும் மேசையருகே நின்றார். ஆட்டத்தில் செத்த பொம்மைகளைக் கிடத்துகிற அட்டைப்பெட்டி மூடி அங்கே இருந்தது. கையைத் திறந்து, யானையின் பிடரியில் ஒட்டியிருந்த குட்டிப் பாகனை நகத்தால் நெம்பிப் பெயர்த்து, அவனை மட்டும் அந்த மூடியில் குப்புறப் போட்டார். யானையைச் சட்டைப்பையில், தும்பிக்கை வெளியே தெரியும்படி நிற்கவைத்துக்கொண்டு போட்டோவுக்குப் போனார்.