என் பதில்களை எழுதிக்கொண்டவர்

கடைசி மூன்று மாதங்கள் என் வேலை இப்படித்தான் இருந்தது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய் உட்காருவேன். கைகள் பழக்கத்தில் கீபோர்டின் மேல் போய் நிற்கும். திரையில் ஒரு கேள்வி எழும். அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரியிலேயே பதிலும் எழுந்துவிடும். நான் என்ன தட்டியிருப்பேனோ, எழுத்துப் பிசகாமல் அதுவே.

என் ஊரான ஆம்பூரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் “கம்ப்யூட்டர்” என்று சொல்லி முடித்துக்கொள்வேன். விவரமாகச் சொன்னால் இதுதான்: ஐரோப்பாவில் ஒரு மருந்து விநியோக நிறுவனம். அதன் மொத்தக் கணக்கு வழக்கும் மெயின்ஃபிரேம் என்கிற பழைய வகைப் பெருங்கணினியில் ஓடுகிறது. அது அனுப்பும் செய்திகளை பெங்களூரில் எட்டுப் பேர் முறைவைத்துப் பார்ப்போம். செய்திகள் விடாமல் மேலேறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவை வெறும் தகவல். சில மட்டும் கேள்விகள். ‘எனக்கு வேண்டிய ஃபைல் வேறொருவர் பிடியில் இருக்கிறது. காத்திருக்கவா, ரத்து செய்யவா?’ ஆபரேட்டர் பதில் தட்டும்வரை அந்த வேலை அசையாது. எந்தக் கேள்விக்கு உடனே பதில், எதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் பதினான்கு வருடத்தில் எனக்குக் கைவந்திருந்தது.

இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவர் சரவணன் அண்ணா. குடியாத்தத்துக்காரர், எங்கள் டீம் லீடர். பெங்களூர் அல்சூரில் என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. எனக்குக் கல்யாணம் தட்டிப்போய் நான் தனியாகவே இருந்துவிட்ட பிறகு, பொங்கலும் தீபாவளியும் அவர் வீட்டில்தான். இந்த நகரத்தில் முதல் நாளே நான் திணறினேன். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி “ஆமேலே பன்னி” என்றார். கன்னடத்தில் ‘ஆமேலே’ என்றால் ‘அப்புறம்’, ‘பன்னி’ என்றால் ‘வாங்க’. எனக்கு ‘மேலே’ மட்டும்தான் காதில் விழுந்தது. நான்கு மாடி ஏறி, பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு இறங்கினேன். கீழே நின்றிருந்த சரவணன் அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பயப்படாத மலரு, நான் இருக்கேன்ல” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கன்னடம் சரியாகக் கற்றுக்கொள்ளாமலே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருடம் ஒரு நாள் அவர் லேப்டாப்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மலரு, உனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு தடவ வரிசையா சொல்லிடும்மா. புதுசா வர்றவங்களுக்கு டிரெயினிங் குடுக்கணும்.” சொன்னேன். ஐந்து வாரம் சொன்னேன். எந்தச் செய்தி வந்தால் என்ன பதில், ஏன் அந்தப் பதில், எப்போது அந்தப் பதில் கூடாது. அவர் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. என் மூளைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே வியப்பு.

அந்த நாட்களில்தான் நாகராஜ் கேன்டீனில் என் எதிரில் வந்து அமர்ந்தார். துமகூர்க்காரர், எங்கள் எட்டுப் பேரில் மூத்தவர், அதிகம் பேசாதவர். குரலைத் தாழ்த்தி, “மேடம், எல்லா கொடபேடி. நிம்ம தலேலி ஸ்வல்ப இர்லி” என்றார். கொடுக்காதே என்பது புரிந்தது. ‘தலே’ என்றதை வைத்து எனக்குத் தலைக்கனம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து வந்து சரவணன் அண்ணாவிடம் சொன்னேன். அவர் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர். ஒரு கணம் என்னைப் பார்த்தார். “உட்டுத்தள்ளு. அவனுக்குப் பொறாம” என்றார்.

இரண்டு மாதம் கழித்து எங்களை மீட்டிங் அறைக்கு அழைத்தார்கள். மேலாளர் ஷோபா மேடம் ஒரு புதிய மென்பொருளை இயக்கிக் காட்டினார். செய்தி வந்தால் அதுவே படித்து, விதிகளைப் பார்த்து, அதுவே பதில் சொல்லிவிடும். திரையில் விதிகள் ஓடின. ஒவ்வொன்றும் நான் சொன்னது. நான் தமிழில் சொன்னதை அண்ணா இங்கிலீஷில் எழுதியிருந்தார், அவ்வளவுதான். “முழு உழைப்பும் சரவணனுடையது” என்று மேடம் சொன்னதும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. இனி எட்டுப் பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும் என்றார்கள். இருவரில் ஒருவர் சரவணன் அண்ணா. எங்கள் ஆறு பேருக்கு மூன்று மாத அவகாசம்.

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன்.

“அண்ணா, இது உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?”

அவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி நின்றார். “தெரியும்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீ குடுத்திருப்பியா?”

கொடுத்திருப்பேன். ‘எனக்குக் குடும்பம் இருக்குது மலரு, இந்த வேலை எனக்கு வேணும்’ என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதைச் சொல்லாமலே படியிறங்கினேன். அன்று மாலை அவர் மனைவி ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம் கொடுத்தனுப்பியிருந்தார். அதைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். அந்த அக்காவுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அவகாசம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது அது நடந்தது. ஐரோப்பாவில் விடியும் நேரம். குளிர்பதன மருந்துகளை எந்த லாரியில் ஏற்றுவது என்ற பட்டியல் தயாராக வேண்டும், ஆனால் ஃபைல் வேறொருவர் பிடியில். புதிய விதிப்படி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மென்பொருள் ரத்து செய்துவிடும். ரத்தானால் இன்சுலின் ஏற்றாமலே லாரிகள் கிளம்பும். நான் அண்ணாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன்: இதற்கு மட்டும் ரத்து கூடாது, கிடங்குக்குப் போன் பண்ண வேண்டும், அங்கே யாரோ திரையை மூடாமல் போயிருப்பார்கள். போன் பண்ணுவதை விதியாக எழுத முடியாது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பேசாமல் இருந்திருக்கலாம். தப்பு என்னுடையதல்ல. ஒரு நிமிடம் சும்மாதான் இருந்தேன், மனதில் ஒரு கெட்ட சந்தோஷம்கூட வந்தது. பிறகு ஏதோ ஓர் ஊரில் மருந்துக்கடை வாசலில் வந்து நிற்கப்போகும் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். ‘காத்திரு’ என்று தட்டினேன், கிடங்கைக் கூப்பிட்டேன். அவர்கள் திரையை மூடினார்கள், பட்டியல் ஓடியது. மறுநாள் ஷோபா மேடத்தின் மின்னஞ்சல் வந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஆபரேட்டருக்கு எச்சரிக்கை அனுப்பப் புதிய விதி சேர்த்தாயிற்று, சரவணனுக்கு நன்றி என்று.

அன்று நாகராஜைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். கேன்டீனில் சொன்னதன் அர்த்தம் என்ன என்றும் கேட்டேன். அவர் உடைந்த தமிழில், “எல்லாம் குடுக்க வேணாம், உங்க தலையில கொஞ்சம் இருக்கட்டும்னு சொன்னேன்” என்றார். அவரிடமும் கேட்டிருக்கிறார்கள், அவர் பாதியை மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டாராம். என் ஊர்ப்பக்கத்து ஆள் என்பதற்காக ஒருவரை நம்பினேன், வேற்று மொழிக்காரர் என்பதற்காக ஒருவரைச் சந்தேகித்தேன். இதில் எந்தத் தப்பு பெரியது என்று இன்னும் தெரியவில்லை.

வேலை முடிந்த வார இறுதியில் ஊருக்குப் போக கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். பங்காருபேட்டை தாண்டி, குப்பம் ஸ்டேஷனில் வண்டி சிக்னலுக்காக நின்றுவிட்டது. அது கர்நாடகமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. பலகையில் தெலுங்கு. போன் அடித்தது, நாகராஜ். அவருக்கு வேலை கிடைத்த இடத்தில் இன்னொரு ஆள் வேண்டுமாம்.

“மேடம், எல்லிதீரா? சோமவார பர்த்தீரா?”

எங்கே இருக்கிறேன், திங்கட்கிழமை வருவேனா என்கிறார். “பர்த்தீனி சார்” என்றேன், வருகிறேன் என்று.

வைத்ததும் அம்மா. “எங்க வர்ற? திங்கக்கெழம இங்க ஸ்கூல் ஆபீஸ் வேலைக்கு உன்ன வர சொல்லிக்கீறாங்க. இருப்பல்ல?”

“இருப்பேன்மா.”

இரண்டையும் மனதாரத்தான் சொன்னேன். எதிர்த் தண்டவாளத்தில் பெங்களூர் போகும் வண்டி வந்து நின்றது. இரண்டு வண்டிகளின் ஜன்னல்களும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தன. பிறகு ஜன்னல்கள் நகரத் தொடங்கின. எது முதலில் கிளம்பியது, எங்கள் வண்டியா அந்த வண்டியா என்று சட்டென்று எனக்குத் தெரியவில்லை.