முதல் சம்பளத்து மிட்டாய்

பல் போன கிழவிக்குக் கடலை மிட்டாய் எதற்கு என்று கேட்பார்கள். கன்னத்தில் ஒதுக்கிவைத்தால் அது பாட்டுக்குக் கரையும். அன்றும் ஒதுக்கிக்கொண்டுதான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பேத்தி தன் முதல் சம்பளத்தில் வாங்கிவந்த மிட்டாய். தெருவுக்கே கொடுத்தேன். ஆட்டுக்குக் குழை ஒடித்துவந்தவனுக்கும் ஒன்று.

அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. படிக்கிறவரை அவள் பேரில் அரசாங்கம் மாதாமாதம் பணம் போடுகிறது. பஸ், நோட்டு, எங்கள் அரிசி எல்லாம் அதில்தான். பதினொன்றாம் வகுப்பு முடிந்த லீவில், கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடம் திறக்கிறவரைக்கும்தான்.

இப்படிப் பணம் வாங்கும் பிள்ளைகளை விசாரிக்கிற மேடம் அன்றைக்குப் பார்த்து வந்தார். குடையை மடக்குவதற்குள் அவர் கையில் மிட்டாயைத் திணித்துவிட்டேன்.

“சாப்பிடுங்க தாயி! எம் பேத்தி மொத சம்பளம்.”

“வேலைக்கா போறா?”

“ஆமா, ஜவுளிக்கடையில. இனிமே என்னைய உக்கார வச்சுச் சோறு போட்டிருவா.”

“அப்ப படிப்பு?”

“படிச்சவியளே அவகிட்ட வந்துதான் சேலை காட்டச் சொல்லுதாவ!”

பெருமையில் பேசினேன். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மேடம் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூடம் திறந்தது. பணம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அரிசி கடனாய் வந்தது. பேத்தி லீவு போட்டு ஆபீசுக்குப் போனாள். படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று பணத்தை நிறுத்திவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்து, நாயாய் அலைந்து, மறுபடி வரவைத்தாள்.

“ஏன் ஆச்சி, நான் படிக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சம்பளத்தைச் சொன்ன வாயி அதைச் சொல்லலையே ஏட்டி.”

திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சிரித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

தீபாவளிக்குக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். என் பழஞ்சேலையை விசிறி விரித்து, “முந்தியப் பாருங்கக்கா” என்று வீட்டில் நடித்துக் காட்டுவாள்.

“லீவு நாளுக்கு மட்டும் போயிட்டு வாயேன்” என்றேன்.

“வேண்டாம் ஆச்சி. திரும்பவும் நிப்பாட்டிட்டா யாரு அலைய?”

அந்த லீவில் மேடம் மறுபடி வந்தார். அவர் செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னேன்: “படிக்கா தாயி. வேலைக்கெல்லாம் போகல.”

“சரி ஆச்சி, சரி” என்று சிரித்தார். “இந்தத் தடவை மிட்டாய் இல்லையா?”

‘சம்பளம் வந்தாத்தானே தாயி மிட்டாய்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனேன்.