மயில்துத்தம் போடாத பசை

காலையில் சிட்லபாக்கத்தில் என் வீட்டு மதில்சுவரிலிருந்து மைதாப் பசை வாடை வந்தது. கேட்டைத் திறந்து பார்த்தேன். ஈரம் காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என் பழைய இங்கிலீஷ் வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாடை எங்கள் வீட்டு வாடை. அப்பா தாம்பரத்தில் போஸ்டர் ஒட்டுகிறவர். சாயங்காலமானால் தகர டின்னில் மைதாவைக் காய்ச்சி, கடைசியில் ஒரு பிடி மயில்துத்தம், அந்த நீல விஷ உப்பு, போடுவார். "இது இல்லன்னா மாடு தின்னுட்டுப் பூடும்மா" என்பார். அவர் நகக்கண்ணில் எப்போதும் நீலம் இருக்கும்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் 'அட்ஹியர்' என்ற வார்த்தை வந்தது. ஒட்டிக்கொள்வது என்று அர்த்தம், லத்தீனிலிருந்து வந்தது என்று விளக்கிய வாத்தியார், என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவ அப்பனுக்கு லத்தீன் தெரியாது. ஆனா இவ பக்கத்துல உக்காந்தா நீங்களும் ஒட்டிப்பீங்க, ஜாக்கிரதை."

வகுப்பே சிரித்தது. பள்ளி முடியும்வரை என் பெஞ்சில் நான் மட்டும்தான்.

போஸ்டரைத் தொட்டுப் பார்த்தேன். பசை வெள்ளையாக இருந்தது. துளி நீலம் இல்லை. அதற்குள் ஒரு மாடு வந்து கீழ் ஓரத்தை நக்க ஆரம்பித்தது.

"அக்கா, மாடு போஸ்டரத் தின்னுது பாருங்க, வெரட்டுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"பசியோட வந்திருக்கு சார், தின்னட்டும்."

வாத்தியாரின் முகம் மட்டும் மாட்டுக்கு எட்டவில்லை. அதை நான்தான் பிய்த்துக் கொடுத்தேன்.