முப்பது பட்டன்களுக்கு ஒரு வணக்கம்

டப்பாவைக் கவிழ்த்து, முப்பது பட்டன்களைத் தையல்கார அம்மாவின் வெட்டுமேசை ஓரத்தில் ஐந்து வரிசையாக அடுக்குகிறாள். ஒவ்வொன்றும் வகுப்பில் ஓர் ஆள். முன்னால் தனியாக இருக்கும் பெரிய கறுப்புக் கோட்டு பட்டன்தான் ஆசிரியை. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் அவள் பெயர் ‘ம்யூட்’. போன பருவத்துப் பேச்சுத் தேர்வில் கரும்பலகை முன் நான்கு நிமிடம் வாய் திறக்காமல் நின்றதற்குக் கிடைத்த பட்டம் அது. மதிப்பெண் பூஜ்யம். வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் சிலையாக நின்றால் அடுத்த வருடமும் இதே வகுப்புதான்.

குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தலைப்பு. நீரேற்று நிலையத்துக்கே போய்க் காவலாளியைக் கேள்வியால் துளைத்தெடுத்தவள். விஷயமெல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. நாக்குக்குத்தான் வர மறுக்கிறது. பட்டன்கள் முன்னால்கூடப் பயத்தில் வேகம் பிடித்து, ஐந்து நிமிடப் பேச்சை இரண்டரை நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்.

அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தார். “எந்த ரயிலைப் பிடிக்கப் போற நீ?”

தையல் மெஷின் கடகடக்கும்போதுதான் அவளுக்குப் பேச்சு சரளமாக வருகிறது. தன் குரல் தனக்கே கேட்காதே! மெஷின் நின்றால் பாதி வாக்கியத்தில் நகத்தைக் கடிக்கிறாள்.

கடைசி வரிசையைப் பார்த்துப் பேசச் சொல்லியிருந்தார் ஆசிரியை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரிசையிலிருந்து இரண்டு பட்டன்களைப் பொறுக்கினார் அம்மா.

“அம்மா, அது என் கிளாஸ்.”

“ரெண்டு பேர் லீவுன்னு வெச்சுக்கோடி. சட்டைக்காரர் வாசல்ல நிக்கிறார்.”

வெள்ளிக்கிழமை. முகம் வெளுத்துப்போய் முன்னால் வந்தாள். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். முதல் வாக்கியம் வந்தது. மின்விசிறியின் இரைச்சலில் அது முதல் பெஞ்சைத் தாண்டவில்லை.

“ஒண்ணும் கேக்கலப்பா,” என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். “வழக்கம்போல ம்யூட்தான்.”

வகுப்பு சிரித்தது. அவள் வாய் மூடிக்கொண்டது. பத்து வினாடி. இருபது. ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார்.

மேசையை விட்டுவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள். வெளியே ஓடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கதவருகே இருந்த ஸ்விட்சைத் தட்டி, தலைக்கு மேல் தடதடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்தாள். திரும்பி வந்து, கடைசி பெஞ்சையே பார்த்தபடி, இறக்கைகள் முழுதாக நிற்கும்வரை காத்திருந்தாள்.